மூன்று குவியல் புளியங்கொட்டை

மாலை வகுப்புகளில் விரல்விட்டு எண்ணும் பிள்ளைகளை நாம் காண்கிறோம். பத்து விரலும் முடிந்ததும் தடுமாறுகின்றனர். "மூளையில்லை" என்று ஏசுவதால் பயனில்லை. கூட்டலின் சேர்த்தி விதியை அவர்கள் கையாலேயே கண்டறியச் செய்வோம்.

நிலத்தில் 7, 6, 4 என மூன்று குவியல் புளியங்கொட்டைகளை வரிசையாக வைப்போம். முதலிரு குவியல்களையும் சேர்த்தால் 13. அதனுடன் 4, மொத்தம் 17. மீண்டும் பழையபடி பிரித்துவைத்து, இம்முறை கடைசி இரண்டையும் முதலில் சேர்ப்போம். 6உம் 4உம் 10. அதனுடன் 7, மொத்தம் 17. குவியல்களின் வரிசை மாறவில்லை; எவற்றை முதலில் சேர்த்தோம் என்பதே மாறியது. அதனை அடைப்புக்குறியால் காட்டுவோம்: (7+6)+4 = 7+(6+4).

இதை உணர்ந்த பிள்ளைக்கு 8+5 கடினமன்று. ஐந்தை 2, 3 எனப் பிரித்து, எட்டுடன் இரண்டைச் சேர்த்துப் பத்தாக்கி, மிஞ்சிய மூன்றையும் கூட்டி 13 என்று சொல்லும். ஆனால் கழித்தலுக்கு இவ்விதி பொருந்தாது: (10-5)-2 = 3; 10-(5-2) = 7.

விதியின் பெயரைப் பின்னர் சொல்லலாம். வேறு வழியால் சரியான விடைக்கு வந்த பிள்ளைக்குப் பிழை போடாது, "எப்படிச் செய்தீர்?" என்று கேட்போம். பயந்த பிள்ளையும் அப்போது வாய்திறக்கும்.