பத்துப் பேரின் தூக்கம்

இரு குழுக்களின் சராசரிகள் வேறுபட்டால், அந்த வேறுபாடு தற்செயலா என்று அறியச் சோதனை ஒன்று வேண்டும் என்று சென்ற இதழில் பார்த்தோம். எந்தச் சோதனை? பாடநூல்கள் ஓர் அட்டவணையை நீட்டும். அதில் தவறில்லை. ஆனால் அதைத் திறக்குமுன் எண்கள் எப்படிச் சேகரிக்கப்பட்டன என்பது தெரிந்தாக வேண்டும், ஏனெனில் சோதனையைத் தீர்மானிப்பது அதுதான். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908-ல் எழுதிய கட்டுரையே இதற்குச் சான்று. குஷ்னி, பீபிள்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1905-ல் வெளியிட்ட தரவை அவர் அதில் எடுத்தாண்டார். மிச்சிகனின் கலமசூ மனநலக் காப்பகத்தில் 10 நோயாளிகளுக்கு வெவ்வேறு தூக்கமருந்துகளைக் கொடுத்து, எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று குறித்த தரவு அது. (மருந்துகளின் பெயர்களைக் காசெட் மாற்றி எழுதிவிட்டார்; கணக்குக்கு அதனால் பங்கமில்லை.)

முதல் மருந்தில் சராசரியாக 0.75 மணி நேரம் கூடியது, இரண்டாவதில் 2.33. இவர்களை 20 தனித்தனி ஆட்களாக எண்ணி, சார்பற்ற இரு குழுக்களுக்கான டி சோதனையைப் போட்டால் டி (சராசரி வித்தியாசத்தை அதன் திட்டப்பிழையால் வகுத்த எண்) 1.86, பி மதிப்பு ஏறத்தாழ 0.08. வழக்கமான 0.05 எல்லைக்குக் கீழே அது வரவில்லை. ஆனால் இரு மருந்துகளையும் உட்கொண்டவர்கள் அதே 10 பேர். ஒருவருக்கு எதைக் கொடுத்தாலும் நன்றாகத் தூக்கம் வருகிறது, இன்னொருவருக்கு எதிலும் அசைவில்லை. ஆளுக்கு ஆள் உள்ள இந்தப் பெரிய ஏற்றத்தாழ்வில் மருந்துகளின் வித்தியாசம் மூழ்கிவிடுகிறது. ஒவ்வொருவரின் இரு எண்களையும் கழித்து, அந்த வித்தியாசங்களை மட்டும் சோதித்தால் டி 4.06 ஆகிறது, பி 0.003.

சாதகமான விடை தரும் சோதனையைப் பொறுக்கியெடுப்பதுதானே இது என்று கேட்கலாம். விடையைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தால் அப்படித்தான். இங்கே இணைசேர்ப்பு தரவு திரட்டும்போதே நடந்துவிட்டது. அதற்கு விலையும் உண்டு: சுதந்திரப் பாகைகள் (கணக்கில் தன்னிச்சையாக மாறக்கூடிய எண்களின் எண்ணிக்கை) 18-லிருந்து 9-ஆகக் குறைகின்றன. ஒரே ஆளின் இரு எண்களுக்குள் தொடர்பில்லாவிட்டால் இது நட்டமே.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. பத்து வித்தியாசங்களில் ஒன்று 4.6, அடுத்த பெரியது 2.4தான். அந்த ஒற்றை ஆள்தான் முடிவைத் தூக்கிப் பிடிக்கிறாரா? அவரை நீக்கினால் டி குறையவில்லை, சுமார் 5.7-ஆக உயர்கிறது! அவரால் சராசரி கூடியதைவிட விலக்கம் அதிகமாகக் கூடியிருந்தது. பரவலின் வடிவத்தையே நம்பாதவர்கள் குறிகளை மட்டும் எண்ணலாம். ஒருவருக்கு வித்தியாசம் பூஜ்யம். மற்ற ஒன்பதும் ஒரே பக்கம் சாய்கின்றன. தற்செயலில் இப்படி எல்லாமே ஒரு பக்கம் விழ வாய்ப்பு 512-ல் 2.

ஆனால் 0.003 என்பது மருந்துகள் சமமாக இருப்பதற்கான வாய்ப்பு அல்ல. மருந்துகள் சமம் என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்பதையே அது சொல்கிறது. இரண்டாவது மருந்து மேலானது என்பதற்கான சாதக விகிதம் 666-க்கு 1 என்று காசெட்டே எழுதினார். இன்றைய பி மதிப்பிலிருந்து அந்த வாக்கியத்தை எடுக்க முடியாது. அதேபோல 0.08 என்பதும் வித்தியாசமே இல்லை என்பதற்குச் சாட்சியல்ல. மருத்துவர் கேட்க வேண்டியது எவ்வளவு என்பதை. அதற்கு 95 சதவீத நம்பக இடைவெளி 0.70 முதல் 2.46 மணி நேரம் வரை என்கிறது. கீழ் எல்லையே உண்மையானால், முக்கால் மணிக்கும் குறைவான கூடுதல் தூக்கத்துக்காக மருந்தை மாற்றலாமா என்பது பக்கவிளைவுகளைப் பொறுத்தது. அதை எந்தச் சோதனையும் சொல்லாது.