சிபியு இரைகிறதா? சீலைக் கிழிக்கும் முன்

சிபியு பெட்டி இரைய ஆரம்பித்தால் நம்மூரில் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வாரி இறைக்கும் புழுதி, குளச்சல், முட்டம் கரையோரத்து உப்பு ஈரம், ஈத்தாமொழிப் பக்கத்துத் தும்புத் தூசி எல்லாம் அந்தச் சின்ன ஃபேன் வழியாகத்தான் உள்ளே போகின்றன. ஈரம் பட்ட தூசி இறக்கையில் அப்பினால் ஃபேன் ஆட்டம் கொடுக்கும். பேரிங் எண்ணெய் வற்றினால் காலையில் போட்டதும் கத்தும், சூடேறியபின் அடங்கிவிடும். சாதாரண 12 வோல்ட் ஃபேன் சில நூறு ரூபாய்ச் சங்கதி. அதை மாற்றப் போய்த்தான் பல ஆயிரம் ரூபாய் வாரண்டியைக் கோட்டை விடுகிறோம்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். விட்டுவிட்டு 'டக் டக்' என்றால் ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம்; அப்படியானால் வேறெதற்கும் முன்னால் ஃபைல்களை வேறிடத்தில் காப்பி எடுக்க வேண்டும். கட்டர கட்டர என்றால் பெரும்பாலும் வயர்தான் இறக்கையில் உரசுகிறது. ஒதுக்கிக் கட்டினால் வேலை முடிந்தது. இதற்கெல்லாமா மெக்கானிக்?

எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) ஃபேன் என்றால் மட்டும் கை வைக்காதீர்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் அதற்குள் 300 வோல்ட்டுக்கும் மேலான நேர்மின்சாரமாகி கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது போகாது. அதைத் திறந்து ஃபேன் மாற்றித் தருவதாக யாராவது சொன்னாலும், எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றுவதுதான் என் யோசனை.

கைவைத்தியங்களும் உண்டு. தேங்காய் எண்ணெய் விடுவது நம் மாவட்டத்துக்கே உரிய ஆசை. சில நாள் சத்தம் நிற்கும், பிறகு பிசினாகி ஃபேனையே நிறுத்திவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் புது ஃபேன் வரும்வரை தாங்கலாம். பஞ்சர் கடைக் காற்று வேண்டவே வேண்டாம். கம்ப்ரஸர் டாங்கில் தேங்கிய தண்ணீரும் கூடவே போர்டில் தெறிக்கும். பிரஷ்ஷால் துடைக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி வாரண்டி. கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய மெஷினில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. இன்டெல், ஏஎம்டி ப்ராசஸரைக் கம்பெனி பெட்டியோடு வாங்கியிருந்தால் பொதுவாக 3 ஆண்டு. அந்தப் பெட்டிக்குள் வந்த ஃபேனும் அதில் அடக்கம். பெட்டி இல்லாமல் 'ட்ரே' ப்ராசஸரும் லோக்கல் ஃபேனும் மாட்டித் தந்திருந்தால் இது பொருந்தாது. பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே பாருங்கள்.

பிராண்டட் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீல் இன்னொரு தலைவலி. 'சீல் கிழிந்தால் வாரண்டி போச்சு' என்று மிரட்டுவது சட்டத்துக்குப் புறம்பாகலாம் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2018 ஏப்ரலில் 6 கம்பெனிகளை எச்சரித்தது. இங்கே மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அது நல்ல தொடக்கம், ஆனால் சட்டம் அல்ல. ஆகவே வாரண்டி காலத்துக்குள் சர்வீஸ் சென்டர்தான்.

வெளியே கொடுப்பதானால், சத்தத்தை ஃபோனில் வீடியோ எடுங்கள். மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க் சீரியல் நம்பர்களையும் படம் பிடியுங்கள். ஜாப் ஷீட்டில் 'ஃபேன் சத்தம்' என்றே எழுதச் சொல்லுங்கள். ஃபேன் மாற்ற யாருக்கும் உங்கள் பாஸ்வேர்டு தேவையில்லை. "அண்ணாச்சி, போர்டே போச்சு, மாத்திரணும்" என்று மறுநாள் அழைப்பு வந்தால், பழைய போர்டைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அந்த இடத்தில் குரலை இறக்கிவிடுவார்கள்.

பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பழுதுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. சொந்தப் பிழைப்புக்காக டிடிபி, ஜெராக்ஸ் கடை நடத்துகிறவரையும் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது.

1915க்கு அழைத்தால் தேசிய நுகர்வோர் உதவி மையம் கம்பெனியிடம் பேசும். கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. அடுத்தது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பெங்களூர் கம்பெனியிடம் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, கெடு 2 ஆண்டு. 400 ரூபாய் ஃபேனுக்காக ஆணையத்தின் படி ஏறுவது வீண் அலைச்சல், 1915 போதும். நல்ல போர்டைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டித் தந்திருந்தால் ஏறத்தான் வேண்டும். அப்போது மனுவோடு பில், ஜாப் ஷீட், சீரியல் நம்பர் படம் மூன்றையும் இணையுங்கள்.