மொழிபெயர்ப்பு ஆசாமிக்கு ஒரு ஆபரேஷன்!

"பாட்டுப் போட்டா தபேலா தனியா, வயலின் தனியா, பாடறவங்க மூச்சு இழுக்கறது வரைக்கும் கேக்கணும் சார்!" என்று ஏங்குகிற ஆபீஸ் வாலிபர்கள் ஏராளம். பக்கத்து சீட் 'அனுபவஸ்தர்' உடனே அருள்வாக்கு சொல்வார்: "ஒரு டாக் வாங்குப்பா!"

டாக் என்பது டாக்டருக்குத் தம்பி இல்லை. டிஜிட்டல்-டு-அனலாக் கன்வர்ட்டர். ஸி.டி.யில் பாட்டு எண்களாகத் தூங்குகிறது. விநாடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக. ஒவ்வொரு எண்ணும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. ஸ்பீக்கருக்குக் கணக்கு வராது. ஏறி இறங்கும் மின்சாரம்தான் புரியும். நடுவே நின்று மொழிபெயர்க்கிற ஆசாமிதான் டாக். உங்கள் செல்போனிலும் லேப்டாப்பிலும் ஏற்கெனவே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். 2016-ல் ஐபோன் 7-ல் ஹெட்போன் ஓட்டையை அடைத்த ஆப்பிள், கூடவே கொடுத்த குட்டி வயருக்குள்கூட ஒரு டாக் உண்டு!

இந்த ஆசாமியின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. ஸி.டி.யை பிலிப்ஸும் ஸோனியும் சேர்ந்து உருவாக்கியபோது, பிலிப்ஸ் கையில் தயாராக இருந்தது 14 பிட் சிப். அதாவது 16,384 படிகள்தான். ஸோனியோ, "16 பிட்தான் வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றது. ஸோனி ஜெயித்தது. பிலிப்ஸ் என்ன செய்தது தெரியுமா? அதே 14 பிட் சிப்பை வைத்துக்கொண்டு, நான்கு மடங்கு வேகத்தில், விநாடிக்கு 1,76,400 முறை வேலை வாங்கி, கிட்டத்தட்ட 16 பிட் தரத்தை எட்டிவிட்டது. பலே!

சரி, வீட்டுக்கு வருவோம். டாக்கை யு.எஸ்.பி.யில் செருகி, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயரின் லைன்-இன்னுக்கு வயர் கொடுத்தால் முடிந்தது. ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் குமிழ் இருந்தால், கம்ப்யூட்டர் வால்யூமை முழுசாக வைத்துவிடலாம். 'என்ஹான்ஸ்மென்ட்' என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள்.

போட்டதும் "உம்ம்ம்..." என்று வண்டு ரீங்காரமா? பெரும்பாலும் எர்த் தகராறு. கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். போகவில்லையா, ஆப்டிகல் வயருக்கு மாறுங்கள். அதில் வெளிச்சம்தான் போகும், கரண்ட் போகாது. சில மேதாவிகள் பிளக்கின் மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு, "பாத்தியா, சத்தம் போச்சு!" என்பார்கள். போனது சத்தம் மட்டும் இல்லை. ஷாக்கிலிருந்து காப்பாற்றுகிற எர்த்தும் சேர்ந்துதான். விளையாடாதீர்கள்!

அடுத்த கட்டம்தான் பித்து. "உள்ளே இருக்கிற என்.ஈ.5532 ஐ.ஸி.யைப் பிடுங்கிட்டு ஓ.பி.ஏ.2134 போடு, சொர்க்கம்டா!" சென்னை ரிச்சி தெருவுக்கு ஓடுவதற்கு முன் ஒரு விஷயம். 5532 ஒன்றும் சோப்ளாங்கி இல்லை. ரெக்கார்டிங் ஸ்டூடியோ மிக்ஸர்களில் வருஷக்கணக்கில் உழைத்த ஐ.ஸி. மாற்றியே தீருவேன் என்றால், சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிற ஐ.ஸி.யாகப் பார்த்து மாற்றுங்கள். வெட்டு இருக்கும் பக்கம் மாறக் கூடாது. ரொம்ப வேகமான ஐ.ஸி.யைப் போட்டால், அது காதுக்குக் கேட்காத அலைவரிசையில் தானாகவே கத்திச் சூடேறுவதும் உண்டு.

உருப்படியான ரிப்பேர் ஒன்று இருக்கிறது. முப்பது வருஷப் பழைய ஸி.டி. பிளேயர் என்றால், எலெக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் உள்ளே காய்ந்திருக்கலாம். அவற்றை மாற்றினால் நிஜமாகவே உயிர் வரும். வோல்ட் அதே அல்லது அதிகம். பிளஸ், மைனஸ் மாறவே கூடாது, மாறினால் தீபாவளி! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சரில் கரண்ட் தங்கியிருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் விரலை விடாதீர்கள்.

புது டாக் பழசைவிட உசத்தியா என்று கண்டுபிடிக்க, நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிவிட்டு, நீங்கள் சுவரைப் பார்த்து உட்காருங்கள். முதலில் மீட்டர் வைத்து இரண்டின் வால்யூமையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். ஒன்று 2 வோல்ட், இன்னொன்று 2.3 வோல்ட் என்றால், சத்தம் கூடினதையே 'தெளிவு' என்று காது நம்பிவிடும். இருபது தடவையில் பத்து சரி என்றால், அதை நாலணாவைச் சுண்டியே சொல்லியிருக்கலாம்.

அந்தக் காசுக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம். மேன்ஷன் ரூம்வாசியா? மொட்டைச் சுவரில் எதிரொலிதான் முதல் எதிரி. ஜன்னலுக்குக் கனமான திரை, தரையில் ஒரு ஜமக்காளம்... அப்புறம் போட்டுப் பாருங்கள், அதே பாட்டை!