'காசேதான் கடவுளடா': தாத்தா சிரிக்கிறார், பேரன் ஏன் சிரிக்கல?

சித்ராலயா கோபுவின் மேடை நாடகம் 1972-ல் ஏவி.எம். படமானது, இயக்கியதும் கோபுதான். 2023-ல் சிவா, யோகி பாபு நடிக்க ஆர்.கண்ணன் ரீமேக் செய்தார். புதுக்கோட்டையோ சென்னையோ, பழைய படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் சொல்வது, "அந்த மாதிரி வரலப்பா".

பழைய பாசம் மட்டுமா காரணம்? வீட்டுப் பணத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் மனோரமாவிடம் காசு கறக்க, டீக்கடைக்காரர் தேங்காய் சீனிவாசன் சாமியாராக வருகிறார். வேஷம் காவி, வாயைத் திறந்தால் மெட்ராஸ் பாஷை! எப்போ மாட்டுவார் என்ற பதற்றம்தான் காமெடியே. அன்றைய புதுக்கோட்டை ரசிகருக்கு அந்தப் பாஷை சினிமாவில் மட்டும் கேட்கிற விநோதம். இன்று யோகி பாபு பல படங்களில் சென்னைத் தமிழ்தான் பேசுகிறார். வேஷம் கலைய அங்கே என்ன இருக்கு? (மனோரமா இடத்துக்கு வந்த ஊர்வசி தப்பித்தார்.)

இன்னொன்று, மேடை வசனம் கூட்டத்தின் சிரிப்புக்கு இடம்விட்டு எழுதப்படுவது. தியேட்டரில் அந்த இடைவெளியைச் சிரிப்பு நிரப்பும். இயர்போனில் தனியாகப் பார்க்கும் பேரனுக்கு அது வெறும் இழுவை.

பழைய படத்தைப் போட்டுப் பார்ப்பதென்றால், நாலு பேரோடு பாருங்க.