ஃபியூஸ் போன எல்இடி பல்பு... உள்ளே இருக்கும் கறுப்புப் புள்ளி சொல்வது என்ன?

2015 ஜனவரியில் உஜாலா திட்டம் தொடங்கிய பிறகு, எல்இடி பல்பு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. துறையூரோ திருச்சியோ, 'வாரன்டி முடிஞ்சதும் போயிடுச்சே' என்று நாம் தூக்கிப் போடும் பல்புதான் லைட் ஆர்வலர்களுக்குப் புதையல்.

மூடியைக் கழற்றினால் குட்டிக் குட்டி சிப்கள். பெரும்பாலும் எல்லாம் தொடர் இணைப்பு. ஒன்று கருகினாலே மொத்த பல்பும் அவுட்! கருகியதில் கறுப்புப் புள்ளி தெரியும். அதை மட்டும் மாற்றினால் பல்பு திரும்ப எரியும்.

வில்லன், சூடு. காற்றுப் போகாத கண்ணாடிக் கூண்டில் பல்பை மாட்டாதீங்க.

கவனம்: பல மலிவு பல்புகளில் சிப் போர்டு வரை வீட்டு மின்சாரம் நேரடியாக வரும். ஹோல்டரில் இருக்கும்போது உள்ளே தொட்டால் உயிருக்கே ஆபத்து. கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் மிச்சம் இருக்கலாம். பழகாதவர்கள் எலெக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே நல்லது.