மூன்று நாள், ஒரே அறை: சிதம்பரத்தை மையமாக வைத்து ஒரு குடும்பச் சுற்றுலா

குடும்பச் சுற்றுலா கசந்துபோவதற்குப் போன ஊர் காரணமாக இருப்பது குறைவு. தினம் ஓர் ஊரில் மூட்டை கட்டுவது, நடை சாத்திய பிறகு கோயிலுக்குப் போய்ச் சேர்வது, உச்சி வெயிலில் குழந்தைகளோடு அலைவது ஆகியவைதான் பெரும்பாலும் பயணத்தைக் கெடுக்கின்றன. ஓர் ஊரில் அறை எடுத்துக்கொண்டு நாலாபுறமும் போய்வந்தால் இந்தத் தொல்லைகள் பெரிதும் குறையும். கடலூர் மாவட்டத்தில் அதற்கு வாகான ஊர் சிதம்பரம். பெருங்கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பிச்சாவரத்தின் தீவுத்திட்டுகள் சுமார் 15 கிலோமீட்டரில் உள்ளன. சோழர் தலைநகரையும் டேனியர் கோட்டையையும் போய்ப் பார்த்துவிட்டு இரவுக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம்.

எந்த மாதம்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 மழையில் மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. ஆகவே அரையாண்டு விடுமுறையைவிடப் பொங்கல் விடுமுறையே நம்பகமானது. ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை வெயில் தாங்கும்படி இருக்கும். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் வலசைப் பறவைகளையும் காணலாம். கோடை விடுமுறையை விட்டால் வேறு வழியில்லாதவர்கள், காலை பத்து மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பிறகும் வெளியே போவதுபோல் திட்டமிட வேண்டும்.

திருவிழா நாட்களையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம். ஆனித் திருமஞ்சனத்தின்போதும் மார்கழி ஆருத்ரா தரிசனத்தின்போதும் மூலவரான நடராசரே தேரேறி வீதிக்கு வருகிறார். அதைக் காண விரும்புவோர் வெகு முன்னதாகவே அறை பதிவு செய்துவிட வேண்டும். கைக்குழந்தையோ நடக்க முடியாத பெரியவர்களோ உடன் வந்தால் அந்த நாட்களைத் தவிர்ப்பதே நல்லது. மகா சிவராத்திரியை ஒட்டி 1981 முதல் நடந்துவரும் நாட்டியாஞ்சலி விழா, நடனம் பயிலும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஏற்ற சமயம்.

முதல் நாள்: சாலையும் கோயிலும்

சென்னையிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து விழுப்புரம், கடலூர் வழியாக மயிலாடுதுறை செல்லும் ரயில்கள் இங்கே நிற்கின்றன. ரயிலில் வருபவர்கள் சுற்றிப் பார்ப்பதற்கு மட்டும் உள்ளூரில் வாடகைக் கார் அமர்த்திக்கொள்ளலாம். காரில் வருபவர்கள் விடியலில் புறப்பட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியைக் கடந்தால், கால் நீட்டி இளைப்பாற கடலூர் வசதியான இடம். தேவனாம்பட்டினத்தின் வெள்ளிக் கடற்கரையில் காலையில் நெரிசல் இருக்காது. அலையின் இழுப்பைக் குறைவாக எண்ணாமல், கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அருகிலேயே கெடிலம் ஆற்றின் கரையில் புனித டேவிட் கோட்டையின் எச்சங்கள் உள்ளன. 1690இல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து வாங்கிய கோட்டை இது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் இங்கேதான் மாறியது. 1758இல் பிரெஞ்சுப் படை இதைப் பிடித்துத் தகர்த்தது.

பகலுணவுக்குச் சிதம்பரம் சேர்ந்தால், கோயில் நடை சாத்தியிருக்கும் நேரம் ஓய்வில் கழிந்துவிடும். பகல் பன்னிரண்டு மணியளவில் சாத்தும் நடை மாலை ஐந்து மணியளவில்தான் திறக்கும். மாலையில் கிழக்குக் கோபுரம் வழியாக நுழைந்தால், நாட்டிய சாத்திரத்தின் 108 கரணங்களைக் காட்டும் சிற்பங்களைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். பொன் வேய்ந்த கூரையுடைய சிற்றம்பலமும் கோவிந்தராசப் பெருமாள் சன்னிதியும் ஒரே வளாகத்தில் உள்ளன. சிற்றம்பலத்துக்கு முன்னுள்ள கனகசபையில் ஏறும் ஆண்கள் மேலாடையைக் களைவது வழக்கம். வாய்த்தால் இன்னொரு நாள் காலையிலும் வரலாம்: இரண்டாம் காலப் பூசையில் மாணிக்க வடிவான இரத்தினசபாபதிக்கு அபிஷேகம் நடக்கும். பின்புறமாகக் கற்பூரம் காட்டும்போது திருமேனி சிவந்து ஒளிர்வதைக் குழந்தைகளும் கண்கொட்டாமல் பார்ப்பார்கள்.

இரண்டாம் நாள்: பிச்சாவரத்துத் தீவுகள்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, கிள்ளையை அடுத்து, ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் விரிந்திருக்கிறது பிச்சாவரம். வாய்க்கால்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓட, இடையிடையே ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள். 2022இல் இது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இங்கே படகு விடுகிறது. மோட்டார் படகு அகன்ற நீர்ப்பரப்பில் விரைவாகச் சுற்றிக் காட்டும். கிளைகள் கூரைபோல் கவிந்த ஒடுங்கிய வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் போகும். பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து போகும்போது துடுப்புப் படகே மனநிறைவு தரும். சனி, ஞாயிறைத் தவிர்த்து, காலையில் படகுக் கூடம் திறந்தவுடன் போனால் வெயிலும் காத்திருப்பும் மிச்சம். உயிர்காப்பு உடையைக் கரை திரும்பும்வரை கழற்றக் கூடாது.

சேற்றிலிருந்து விரல்விரலாக நிமிர்ந்து நிற்பவை அலையாத்தியின் சுவாச வேர்கள். வளைந்து இறங்கி மரத்தைத் தாங்குபவை சுரபுன்னையின் தாங்கு வேர்கள். சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் இந்தக் காட்டில் வளர்கிறது. அதன் பால் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும் என்பதால், குழந்தைகள் இலைகளைக் கிள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிற்பகல் ஓய்வுக்குப் பின், ஐதர் அலி 1781இல் ஆங்கிலேயரோடு மோதிய பரங்கிப்பேட்டைக்கு ஒரு நடை போய்வரலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இங்கே வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது.

மூன்றாம் நாள்: மேற்கா, தெற்கா?

இரண்டு வழிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்வதே புத்திசாலித்தனம். மேற்கே போனால் காட்டுமன்னார்கோயில் பக்கம் முதலாம் பராந்தகன் காலத்து வீராணம் ஏரி. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் ஒன்று. அதைத் தாண்டிச் சென்றால், சிதம்பரத்திலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில், இராசேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம். 2004இல் அங்குள்ள கோயில் யுனெஸ்கோ மரபுச்சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. புல்வெளியும் பெரிய நந்தியும் இருப்பதால் குழந்தைகள் ஓடியாட இடமுண்டு. தெற்கே போனால் சீர்காழி, பூம்புகார், அதன்பின் தரங்கம்பாடி. அங்கே டேனியர் 1620இல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. கோயில்களில் ஏற்கெனவே நேரம் செலவிட்டவர்களுக்குத் தெற்கு வழி ஒரு மாறுதல்.

சாப்பாடும் திரும்பும் வழியும்

சிதம்பரத்துக்கே உரியது கத்தரிக்காய் கொத்சு. கோயில் நைவேத்தியமான சம்பா சாதத்துக்கு இணை. மீனும் நண்டும் விரும்புவோருக்குக் கடலோர ஊர்கள் உண்டு. புது உணவுகளைப் பகலில் வைத்துக்கொண்டு, இரவில் இட்லி, இடியாப்பத்தோடு நிறுத்தினால் சிறு குழந்தைகளின் வயிறு கெடாது.

திரும்பும்போது சேத்தியாத்தோப்பு, வடலூர், பண்ருட்டி வழியாக வரலாம். வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வருவோர்க்கெல்லாம் உணவு உண்டு. கோடையில் பண்ருட்டிச் சாலையோரம் பலாப்பழம் குவிந்திருக்கும்.

செலவைப் பிரித்துப் பார்த்தால் அறை, வண்டி, படகு, சாப்பாடு என நான்கே இனங்கள். ஒரே அறையில் மூன்று இரவுகள் தங்குவதால் வாடகையைப் பேசிக் குறைக்க இடமுண்டு. துணிமணி, மருந்துப் பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்க்கவும் வேண்டாம். யாராவது ஒருவர் களைத்துப்போனால் அன்றைய பாதித் திட்டத்தைக் கைவிட்டு அறைக்குத் திரும்பிவிடலாம். அதற்காகவே ஒவ்வொரு நாளும் பிற்பகலில் சிறிது நேரத்தைக் காலியாக விட்டுவைக்க வேண்டும்.