ரிவர்ஸ் கியரில் சிறுநீர்!

பனவடலிசத்திரம் பஸ் ஸ்டாப்பில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திருநெல்வேலி பஸ்ஸுக்கு நிற்கும் அப்பாமார்களே! சளி, இருமல் இல்லாமல் காய்ச்சல் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறதா? 'பல்லு முளைக்குது', 'கண்ணு பட்டிருக்கு' என்று தள்ளிப்போடாதீர்கள் ஸார். ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.

சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் பாதை ஒன்வே. குழாய் பைக்குள் சாய்வாக நுழைவதால், பை நிறைந்ததும் அதன் வாய் அமுங்கி மூடிக்கொள்ளும். சில குழந்தைகளுக்கு அந்த நுழைவு நீளம் குறைவு. சிறுநீர் ரிவர்ஸில் மேலே ஏறும். கிருமியும் டிக்கெட் எடுக்காமல் கூடவே ஏறினால் சிறுநீரகத்தில் தழும்பு, பிற்காலத்தில் பி.பி., கிட்னி கோளாறு என வட்டியோடு வசூல்.

முன்பு வயிற்றைத் திறந்துதான் ரிப்பேர். 1984-ல் அயர்லாந்தின் டப்ளினில் பிரேம் பூரி (நம்ம இந்திய வம்சாவளிதான்!), பாரி ஓ'டானல் என்ற இரு டாக்டர்கள் வேறு வழி சொன்னார்கள். மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர்த் துவாரம் வழியே மெல்லிய டெலஸ்கோப்பை விட்டு, குழாய் வாய்க்கு அடியில் ஊசியால் பசை ஏற்றுவது. சின்ன மேடு எழும்பும், வாய் மூடும். தையலே கிடையாது! அன்றைய பசை டெஃப்லான், அதாவது ஒட்டாத தோசைக்கல் சமாசாரம். துகள்கள் உடம்பில் இடம் மாறலாம் என்ற பயம் வரவே, 'டிஃப்ளக்ஸ்' ஜெல் வந்தது. 2001-ல் அமெரிக்கா அனுமதித்தது.

எல்லாருக்கும் ஊசி தேவையில்லை. லேசான ரகம் வளர வளரத் தானே சரியாகலாம். கடும் ரகத்துக்கு ஊசி போதாமல் ஆபரேஷனும் வரலாம். எந்த ரகம் என்று தெரிய, பைக்குள் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். பிள்ளை ஊரைக் கூட்டும். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு நீங்களும் கூடப் போங்கள்.